நிரம்பிய கட்டங்கள்

காலையில் என் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்த மறுநொடி, பிரான்சில் ஒரு சமையலறையில் சார்ஜில் கிடக்கும் கைபேசிக்கும் தெரிந்துவிடும். நான் அரசாங்க அலுவலகத்தில் தலை நரைத்தவன். ஒரு தகவல் இந்த அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக ஒரு வாரம் ஆகும் என்பதை மழை வெயில் போல ஏற்றுக்கொண்டு வாழ்ந்தவன். ஓய்வு பெற்ற பிறகு என் இரத்தத்துக்குக் கிடைத்த இந்த வேகம், வேலையில் இருந்தபோது என் பதவி உயர்வுக்குக் கிடைத்ததில்லை.

அந்தக் கைபேசி என் மனைவியுடையது. மகளின் இரண்டாவது பிரசவத்துக்காகப் போனவள். மருமகன் சொல்தா வீட்டுப் பையன். அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் பேரன், பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. அதனால் மகளும் அங்கேயே நிலைத்துவிட்டாள். மனைவிக்கு ஓராண்டு விசா. விண்ணப்பத்தை நான்தான் தயாரித்தேன். விசா மையத்தில் இருந்த பெண் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "சார், நீங்க ஏஜென்டா?" என்று கேட்டாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீடு வரைக்கும் மகிழ்ச்சியாக வந்தேன். எங்காவது ஒரு கையெழுத்தை விட்டுத் தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது, மனைவியை விமான நிலையத்தில் விட்டுத் திரும்பிய பிறகுதான்.

சர்க்கரைக் கணக்கு வைக்கும் செயலியை மகள் அதற்கு முன்பே, விடுமுறைக்கு வந்திருந்தபோது, எங்கள் இருவர் கைபேசியிலும் போட்டுக்கொடுத்திருந்தாள். சர்க்கரை, இரத்த அழுத்தம், எடை, நடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எண் ஒழுங்காக இருந்தால் கட்டம் பச்சை, தவறினால் மஞ்சள், மிகவும் தவறினால் சிவப்பு. 'குடும்பம்' என்று ஒரு பகுதி உண்டு; அதில் மூன்று பேரும் ஒருவர் கட்டத்தை ஒருவர் பார்க்கலாம். மேற்பார்வை அதிகாரி மகள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் பாதிப் பேருக்கு ஓய்வூதியப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன் நான். இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று ஆண்டுக்கொரு முறை வாழ்நாள் சான்று கொடுப்பதற்கே அலுத்துக்கொள்கிறவர்களுக்கு, அது எவ்வளவு அவசியம் என்று வகுப்பெடுப்பவன். கடைசியில் தினமும் வாழ்நாள் சான்று கொடுக்கும் நிலைக்கு என் மகள் என்னைக் கொண்டு வந்துவிட்டாள்.

செயலியின் தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் எண்ணைப் பதிவு செய்யாவிட்டால், 'உங்கள் இரத்தம் தவறவிடப்பட்டது' என்று ஒரு செய்தி வரும். மாலையில், 'கவலை வேண்டாம், நாளை நீங்கள் மீண்டும் பிறப்பீர்கள்' என்று வரும். எந்தத் துறையில் இப்படி ஒரு வரைவை என் மேசைக்கு அனுப்பியிருந்தாலும் சிவப்பு மையில் அடித்துத் திருப்பியிருப்பேன்.

ஆனால் மனைவி இங்கே இருந்த வரையில் என் இரத்தம் ஒருநாளும் தவறவிடப்படவில்லை.

நடைமுறை இதுதான். அவள் முதலில் எழுந்து டிகாக்‌ஷன் போடுவாள். நான் சாப்பாட்டு மேசையில் இடதுகையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கையைத் துடைப்பாள். பிறகு மோதிர விரலின் அடியைப் பிடித்து மெதுவாக நுனிவரை உருவி விடுவாள், மாட்டின் காம்பைப் பிடிப்பதுபோல. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஊசி என்றால் எனக்குப் பயம். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் எந்தச் சீட்டுக்கு எந்த வரிசை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்த எனக்கு, என் விரலில் நானே ஒரு முள்ளளவு ஊசியைக் குத்தத் தெரியாது. இது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். எப்போது குத்துவாள் என்று சொல்லவே மாட்டாள். ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள்.

"எதிர் வீட்ல வண்டி மாத்திட்டாங்க, பாத்தீங்களா?"

"எங்க?"

"அதோ, கறுப்பு வண்டி."

நான் கறுப்பு வண்டியைத் தேடும் நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எதிர் வீட்டில் இருப்பது எப்போதும் வெள்ளை வண்டிதான்.

எங்கள் தலைமுறையில் கணவன் மனைவி கையைப் பிடித்துக்கொண்டது மணவறையில், ஐயர் சொன்னதற்காக ஒருமுறை. அதோடு சரி. கடற்கரைச் சாலையில் இளசுகள் கை கோத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. சர்க்கரை வந்த பிறகுதான், பகல் வெளிச்சத்தில், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் என் கையைப் பிடிக்க ஒரு முறையான காரணம் கிடைத்தது. குத்தி முடித்த பிறகும் இரத்தம் நிற்கட்டும் என்று பஞ்சை வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு சின்னக் காயத்துக்கு அவ்வளவு நேரம் பிடிக்கத் தேவையில்லை. நானும் அதைச் சுட்டிக்காட்டியதில்லை.

அவள் போன பிறகு என் காலைக் கட்டங்கள் காலியாகின. முதல் வாரம் ஊசிப் பேனாவை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன். விரலில் வைத்தேன். பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். யாரும் கறுப்பு வண்டி என்று சொல்லாததால் என் கண் விரலை விட்டு நகரவில்லை. காபி ஆறியதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிடுவாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைப்பாள். பின்னால் குழந்தை அழும்.

"என்னாப்பா, இந்த வாரமும் ஒரு கட்டம்கூட நிரப்பல?"

"நிரப்பணும்."

"எப்போ? ஊர்ல யாரு எந்த ஃபாரத்த நிரப்பலன்னாலும் வீட்டுக்கே போயி திட்டுவ. உனக்கு மட்டும் ரூல் கெடையாதா?"

பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வரும். "அப்பாவுக்கு மறந்துடுதுடி. வயசாவுதில்ல, வுடு."

அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று புரியும். ஊசிக்குப் பயப்படுகிற அப்பா என்று மகளிடம் சொல்வதைவிட, மறதிக்காரர் என்று சொல்வது கௌரவம் என்று முடிவு செய்திருந்தாள். பிறகு என்னிடம், "சாப்ட்டீங்களா?" என்பாள். "ஆச்சு" என்பேன். "என்னா கொழம்பு?" சொல்வேன். மகள், மருமகன், மூத்த பேரன், கைக்குழந்தை என்று இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பீக்கரில் இதற்கு மேல் என்ன பேசுவது? சபை நடவடிக்கைக் குறிப்பில் இதைவிடக் கூடுதலாக விஷயம் இருக்கும்.

அதனால் நான் அவளுடைய கட்டங்களைப் படிக்க ஆரம்பித்தேன். அவளுக்கும் சர்க்கரை உண்டு, என்னைவிடக் கொஞ்சம் அதிகம். இங்கே இருந்தபோது பாதி நாள் மஞ்சள். அங்கே போன சில வாரங்களில் வரிசையாகப் பச்சை. நடைக் கட்டம்தான் ஆச்சரியம். லாஸ்பேட்டையில், வா, ஏர்போர்ட் ரோடு வரைக்கும் நடந்துவிட்டு வரலாம் என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன். நாய் துரத்தும் என்பாள், பால்காரர் வருவார் என்பாள், முட்டி வலி என்பாள். அங்கே தள்ளுவண்டியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் நடக்கிறாள் என்று மகள் படம் அனுப்பினாள். கம்பளித் தொப்பியும் சேலைக்கு மேல் நீளக் கோட்டும் போட்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

என் மதிய உணவு நேரத்தில் அவளுடைய நடை எண் அசையத் தொடங்கும். அங்கே அப்போதுதான் காலை. சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பேன். கொஞ்சம் ஏறும், நிற்கும். நின்றால், குழந்தைக்குப் போர்வை சரி செய்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மறுபடி ஏறும். அவள் பக்கத்தில் நடப்பதுபோல என்று எழுதினால் மிகை. பின்னால், கூப்பிடாத தூரத்தில் நடப்பதுபோல இருக்கும்.

குளிர்காலம் தொடங்கியபோது மகள் தனியாகக் கூப்பிட்டாள். இந்தமுறை ஸ்பீக்கர் இல்லை.

"அப்பா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அம்மா எழுந்ததும் மூஞ்சிகூட கழுவாம உன் கட்டத்ததான் பாக்கறாங்க. அது காலியா இருந்தா அன்னிக்கு அவங்க பிரஷர் மஞ்சளாயிடுது. நானே பல நாள் சேத்து வெச்சிப் பாத்துட்டேன். நீ காலி, அவங்க மஞ்சள். சும்மா சோம்பேறித்தனத்துல அவங்களப் படுத்தாதப்பா."

சோம்பேறித்தனம் என்ற குற்றச்சாட்டை மறுத்து விளக்கம் கொடுக்க என்னிடம் ஆதாரம் இருந்தது. கொடுக்கவில்லை. மறுநாள் காலை விடிந்ததும் தெருமுனையில் இருக்கும் இரத்தப் பரிசோதனை லேப்புக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அங்கே தினமும் வருகிற ஒருவர் உண்டு. சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில நாள் போன பிறகு என் கையில் இருந்த சர்க்கரை மெஷினைப் பார்த்துவிட்டார்.

"என்னா சார், மெஷின கையிலயே வெச்சினு இங்க வந்து குந்தினு இருக்கீங்க?"

"இது சரியா காட்டுதான்னு சரிபாக்க வந்தேன்."

"ஒரு நாள் சரிபாத்தா போதாதா? தெனம் சரிபாப்பீங்களா?"

"தெனம் பாத்தாத்தான் சராசரி தெரியும்."

"ஆமாமா, படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

லேப் பெண் நல்லவள், வேகமானவள். நீலக் கையுறை போட்ட கை. "சார், கைய லூசா வுடுங்க. இவ்ளோ டைட்டா வெச்சா எப்படி?" என்பாள். நடு விரலைப் பிடிப்பாள். குத்துவாள். சொட்டை என் மெஷினில் வைப்பாள். துடைப்பாள். நான் விரலை எடுப்பதற்குள், "அடுத்தவங்க" என்று குரல் கொடுப்பாள். எண்ணை வெளியே வந்து படியில் நின்றபடியே செயலியில் பதிவேன்.

நாளாக நாளாகக் கட்டங்கள் நிரம்பின. பெரும்பாலும் பச்சை. அவளுடைய அழுத்தக் கட்டமும் பச்சைக்கு வந்தது. தணிக்கைக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டலாம் என்கிற அளவுக்கு ஒழுங்கு. விசா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அவள் வந்து இதைப் பார்த்து என்ன சொல்வாள் என்று யோசித்து வைத்திருந்தேன். முதல்நாள் காலை, மேசையில் கையை நீட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போலச் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதாக ஏற்பாடு.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, மகள் உற்சாகமாகப் பேசினாள்.

"அப்பா, நல்ல சேதி. அம்மா இன்னும் ஒரு வருஷம் இருக்க ஒத்துக்கிட்டாங்க. விசாவ இங்கயே நீட்டிச்சிக்கலாம்."

"அவளா ஒத்துக்கிட்டா?"

"நான் கேட்டுக்கினேதான் இருந்தேன். இத்தினி நாளா மாட்டேன்னு அடம். உங்கப்பா தனியா இன்னா பண்ணுவாருன்னு சொல்லிட்டு இருந்தாங்க. இப்ப நீதான் டான்னு டெய்லி செக் பண்றியே. நான் எடுத்துக் காட்டினேன். பாரும்மா, அப்பா அவரே பாத்துக்கறாருன்னு. கொஞ்ச நேரம் பாத்துக்கினே இருந்தாங்க. சரி, அங்க போயி நான் இன்னா பண்ணப் போறேன், இங்கயாவது கொழந்தையப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

கைபேசியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"அம்மாவுக்கு இங்க ஒடம்பும் நல்லா இருக்குதுப்பா. நீயே பாக்கறல்ல, எல்லாம் பச்சை."

பார்க்கிறேன். அதுதான் சிக்கல். எந்த மேல்முறையீட்டுக்கும் இடமில்லாத ஆதாரம் அது. என்னோடு இருந்தபோது மஞ்சள், என்னைவிட்டுப் போனதும் பச்சை. அவளைத் திரும்பி வரச் சொல்ல என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் காலிக் கட்டங்கள். அதையும் நானே நாள் தவறாமல் லேப்புக்கு நடந்துபோய் அழித்திருந்தேன்.

நீட்டிப்புக்கு அவளுடைய பிறப்புப் பதிவின் புதிய நகல் வேண்டும் என்றாள் மகள். அதை இங்கே நான்தான் வாங்க வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தை இன்னும் பிரெஞ்சில் எத்தா சிவில் என்று சொல்லும் கடைசி ஆட்களில் நானும் ஒருவன். அங்கே இருக்கும் எழுத்தருக்கு என்னைத் தெரியும்.

"வாங்க சார். இன்னிக்கி யாருக்கு?"

"வீட்டுக்கு."

"உங்க வீட்டுக்கா?" என்று நிமிர்ந்து பார்த்தார். "அம்மா அங்கயே செட்டில் ஆயிட்டாங்களா?"

"நகல் எப்ப கெடைக்கும்?"

"நாலு நாள் ஆவும்னு போர்டு இருக்குது. உங்களுக்கு அப்பிடியா? மத்தியானமே வாங்கிக்கினு போங்க."

அவசரமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். மதியமே கொடுத்துவிட்டார். அந்தக் காலப் பதிவு, பிரெஞ்சிலேயே இருந்தது. மொழிபெயர்ப்பும் தேவையில்லை. தாமதம் எங்கே வேண்டுமோ அங்கே அது கிடைக்கவே கிடைக்காது என்பது என் சேவைக்காலம் கற்றுத் தராத பாடம். நகலை உறையில் போட்டு, முகவரி எழுதி, மேசைமேல் வைத்தேன். அது அங்கேயே இருந்தது. மகள் கேட்டபோது, வாங்கியாகிவிட்டது, அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

ஒருநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டேன், மெஷினை எடுத்துக்கொண்டேன், கதவு வரை போனேன். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. லேப் பெண் விடுமுறையிலும் இல்லை. கட்டம் காலியாக இருந்தது. 'உங்கள் இரத்தம் தவறவிடப்பட்டது' என்று செயலி சொன்னது. வாழ்க்கையில் முதல்முறையாக அதன் தமிழில் எனக்குக் குறை தெரியவில்லை.

உச்சிவேளையில் கைபேசி அடித்தது. வீடியோ. எடுத்தால் ஒரு வெள்ளைக் கூரையும் விளக்கும் தெரிந்தன. மகளுடைய எண்ணிலிருந்து வரவில்லை, மனைவியே போட்டிருக்கிறாள். இத்தனை மாதத்தில் அவளாக ஒருமுறைகூடப் போட்டதில்லை.

"என்னாங்க, இன்னிக்கி காலியா இருக்குது."

"ஆமா."

"ஒடம்புக்கு என்னா?"

"ஒண்ணுமில்ல. லேப்புக்குப் போவல."

"லேப்புக்கா? லேப்புக்கு எதுக்கு?"

கூரை கொஞ்சம் ஆடியது.

"நீங்களே குத்திக்கிறீங்கன்னு பாப்பா சொல்லிச்சே." மகள் எங்களுக்கு இன்னும் பாப்பாதான்.

"பாப்பா சொல்லிச்சு. நான் சொல்லல."

"தெனமும் அங்க போயா குத்திக்கினு வந்தீங்க?"

"உனக்கு பிரஷர் மஞ்சளாவுதுன்னு பாப்பா சொல்லிச்சு."

அந்தப் பக்கம் குழந்தையின் கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டது.

"யாரு குத்துறது?"

"ஒரு பொண்ணு. கையுறை போட்டிருக்கும்."

"எந்த வெரல்ல?"

"நடு வெரல்ல. நட்டநடுவுல."

"வலிக்குமே. ஓரமா குத்தும்மான்னு சொல்ல வேண்டியதுதான? ஊருக்கெல்லாம் ரூல் சொல்ற வாயி அங்க எங்க போச்சு?" பிறகு குரலைத் தாழ்த்தி, "மோதிர வெரலக் குடுக்கலியே?" என்றாள்.

"அது கேக்கல."

"கேட்டாலும் குடுக்காதீங்க."

கூரை மறைந்து அவள் முகம் வந்தது. கைபேசியை மிக அருகில் பிடித்திருந்ததால் நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன. பொட்டு கொஞ்சம் கலைந்திருந்தது.

"நான் வேற மாதிரி நெனச்சிட்டேன்" என்றாள்.

"என்னா நெனச்ச?"

"உங்களுக்குப் பழகிப் போச்சுன்னு."

"பழகல."

அவள் காத்திருந்தாள். எனக்கும் அது தெரிந்தது. சொல்ல வேண்டிய சொல் ஒன்றுதான். எத்தனையோ பேருக்கு எத்தனையோ மனுக்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோரிக்கையை முதல் வரியிலேயே தெளிவாகச் சொல்லுங்கள் என்று அறிவுரை சொல்லியிருக்கிறேன்.

"வந்துடு" என்றேன்.

அவள் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். யாராவது கேட்கிறார்களா என்று பார்த்திருக்கலாம். "அங்க வெயிலு ஆரம்பிச்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஆரம்பிச்சிடுச்சு."

"செப்டம்பர்லதான் கொழந்தைக்கு க்ரெஷ்ல, அதான் காப்பகத்துல, எடம் தராங்களாம். அதுவரைக்கும் இவ வேலைக்கும் போயிக்கினு தனியா தவிப்பா. எனக்கு அப்படியே வுட்டுட்டு வர மனசில்ல."

"புரியுது."

"நடக்கறதுக்கும் நல்லா இருக்குது இங்க. பொய் சொல்லக்கூடாது. முட்டி வலியே தெரியல. செப்டம்பர் வந்ததும் கெளம்பிடறேன். ஒரு வருஷம்லாம் இருக்க மாட்டேன். பாப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன், நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

"சரி."

"அந்தப் பத்திரத்த அனுப்பிடுங்க. அது இல்லாம செப்டம்பர் வரைக்கும் இருக்க வுடமாட்டாங்களாம்."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா" என்றாள். பிறகு எதையோ அழுத்தி, துண்டிக்கத் தெரியாமல், மறுபடியும் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தாள். வண்டியில் குழந்தையை உட்கார வைக்கும் சத்தம் கேட்டது. யாரிடமோ சொல்வதுபோல, "இரு, இரு, போலாம்" என்றாள். கதவு திறந்தது, கூரை போய் வானம் வந்தது. சாம்பல் நிற வானம். நானும் துண்டிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு அழைப்பு தானாகவே நின்றுவிட்டது.

வெயில் தாழ உறையை எடுத்துக்கொண்டு கூரியர் கடைக்குப் போனேன். கடைக்காரர் எடை பார்த்தார்.

"ஃபிரான்சா? சாதாவா, எக்ஸ்பிரஸா சார்?"

"எக்ஸ்பிரஸ்."

"இன்னா உள்ள?"

"பிறப்புச் சான்று."

வெளிநாட்டுக்குப் போகும் உறைக்கு உள்ளடக்கத்தின் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஆவணம் என்றால் மதிப்பு இல்லை என்று எழுதுவதுதான் நடைமுறை. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் உறையை ஒரு பெரிய பையில் போட்டார். எப்போது கிளம்பும் என்று கேட்டேன். இன்று சாயங்காலமே என்றார். பை கட்டப்படும்வரை கடை வாசலிலேயே நின்றேன்.